விதை கேட்டவனுக்குக் கயிறு

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது,

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதி ஆரம்பிக்கலாம்தான். ஆனால் திங்கட்கிழமை உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சுகமில்லை. காய்ச்சல், தலைவலி ஒன்றுமில்லை, கோபம்தான். மூன்று நாளாக அடக்கிப் பார்த்தேன். இன்று காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு உன் கடிதத்தை இன்னொரு தரம் எடுத்துப் படிக்க, பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. இனியும் எழுதாமல் இருந்தால் வீட்டில் ஒரு வேலையும் உருப்படாது என்று உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கவரை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். பஸ் கண்டக்டர் படித்தாலும் சரி, உன்னோடு தங்கியிருக்கும் பையன்கள் படித்தாலும் சரி. மறைத்ததெல்லாம் போதும். முக்கியமாக, இன்னும் மூன்று வாரத்தில் உனக்கு மனைவியாகப் போகிற லீலா இதைப் படித்தே ஆக வேண்டும். நீ கொடுக்காவிட்டால் நானே ஒரு நகல் எழுதிக் கொடுப்பேன்.

நீ எழுதியதை உனக்கே எடுத்துச் சொல்கிறேன். எழுதும்போது யோசித்திருக்க மாட்டாய். அத்திப்பள்ளியில் வாடகைக்கு வீடு பார்த்தாயிற்று, பெங்களூருக்குப் போகிற கம்பெனி பஸ் தெருமுனையிலேயே நிற்கும் என்று எழுதியிருந்தாய். நல்ல சேதி. வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் காலி இடமும் ஒரு பழைய கிணறும் இருக்கிறது, அப்பாவைப் போல நானும் காய்கறித் தோட்டம் போடப் போகிறேன் என்றும் எழுதியிருந்தாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். அடுத்த வரி இது: 'தண்ணீருக்குக் கவலை இல்லை அம்மா, லீலா தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண், தண்ணீர் சேந்திப் பழகினவள்.' கடைசியில் போகிற போக்கில், 'அப்பா போட்டாரே, அந்தப் பெரிய பூசணியின் விதை இருந்தால் அனுப்பு.' இதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "பாத்தியா, பையன் என்னையே உரிச்சு வெச்சிருக்கான்" என்று அவருக்கு ஒரே பூரிப்பு. என் பயமும் அதுதான்.

உன் அப்பா தோட்டம் போட்ட கதையை நீ ஒரு பக்கம் இருந்துதான் பார்த்திருக்கிறாய், சாப்பாட்டுத் தட்டு இருந்த பக்கம். மற்றப் பக்கத்தை இப்போது சொல்கிறேன். அரிசிக்கு ரேஷன் கடையில் வரிசை நின்று கோதுமையும் சோளமும் வாங்கி வந்த காலம் அது. வீட்டுக்கு வீடு காய்கறி போடுங்கள் என்று தாலுகா ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒட்டிய குமாஸ்தா உன் அப்பாதான். ஒட்டிவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். நின்று முழுக்கப் படித்திருக்கிறார். அன்று சாயங்காலமே மண்வெட்டியோடு வந்து நின்றார். அவர் அந்த மண்வெட்டியைப் பிடித்தது அந்த ஒரு சாயங்காலம்தான். அரை மணியில் உள்ளங்கையில் கொப்புளம். மறுநாள் ஆபீசில் பேனா பிடிக்க முடியவில்லை என்று கூலிக்கு ஆள் வைத்துக் கொத்தினோம். அதற்குப் பிறகு தோட்டத்தில் அவர் செய்த வேலை இரண்டு. நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சொல்வது ஒன்று. பாத்திக்குப் பாத்தி பலகை நடுவது இன்னொன்று. கள்ளிப்பெட்டிப் பலகையை அறுத்து, என்ன செடி, விதைத்த நாள் என்ன, உரம் போட்ட நாள் என்ன என்று கறுப்பு மையால் ஆபீஸ் கையெழுத்தில் எழுதி நட்டார். கத்தரிச்செடி செத்துப்போன பிறகும் கத்தரிப் பலகை நிமிர்ந்து நின்றது.

அந்த முதல் வருடத்தில் நாம் பட்ட பாட்டை நீ மறந்திருப்பாய். முள்ளங்கி நன்றாக வந்தது. வந்தது என்றால் அத்தனையும் ஒரே வாரத்தில் வந்தது. சாம்பார், பொரியல், கீரையைக்கூட விடாமல் கூட்டு. "மூச்சு விட்டாக்கூட முள்ளங்கி வாசம் அடிக்குதும்மா" என்று நீதான் சொன்னாய். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தோம். மூன்றாம் நாள் என் கையில் முறத்தைக் கண்டதுமே கதவைச் சாத்திக்கொண்டார்கள். கத்தரி பூத்தது, காய்த்தது, காய்க்கு ஒரு ஓட்டை வைத்துப் புழு குடித்தனம் நடத்தியது. அவரைக்கொடியில் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. சாம்பல் தூவு என்றார் நாற்காலியில் இருந்தவர். அடுப்புச் சாம்பல் மொத்தத்தையும் தூவினேன். அதன்பிறகும் அசுவினி இருந்த இடத்திலேயே இருந்தது. என் புடவையும் தலையும்தான் சாம்பலாயிற்று. பீன்ஸ் மட்டும் இந்த ஊர்க் குளிருக்கு ஆசையாக ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் ஆலயத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் யாருடைய ஆடோ வந்து பந்தலோடு தின்றுவிட்டுப் போனது. வேலிப்படலைத் திறந்து போட்டது நீ. பொய் சொல்லக்கூடாது, சந்தோஷமும் இருந்தது. செடியிலிருந்து அப்போதுதான் பறித்த பீன்ஸை ஒடித்தால் வருகிற சத்தம் எனக்குப் பிடிக்கும். ரேஷன் கோதுமையைத் தின்று நாக்குச் செத்த நாட்களில் ஒரு பிடி பச்சைக்காய் எவ்வளவு பெரிய விஷயம் என்பதும் எனக்குத் தெரியும். தோட்டத்தின்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, வருத்தமெல்லாம் அந்தத் தண்ணீரில்தான்.

அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நீ ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா? விடிந்ததும் செடியெல்லாம் நனைந்திருக்கும், சாயங்காலம் மறுபடி நனைந்திருக்கும், அவ்வளவுதான் உனக்கும் அப்பாவுக்கும் தெரியும். முதல் வருடம் பெரும்பாலும் நான் சேந்தினேன். எனக்கு இடுப்பில் பிடித்துக்கொண்ட பிறகு வாளி எஸ்தர் கைக்குப் போனது. உன் தங்கைக்கு அப்போது பதினைந்து வயது, எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். நீ ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, கம்பெனிப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று முன்னறையில் உட்கார்ந்திருந்தாய். பத்தொன்பது வயசு ஆண்பிள்ளை, தினமும் தண்டால் எடுப்பவன். ஒரு நாள் எஸ்தர் உன்னைக் கூப்பிடப் போனபோது நான்தான் தடுத்தேன். "படிக்கிற பையனைத் தொந்தரவு பண்ணாதே" என்றேன். அவளும் படிக்கிற பெண் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்து, அறுப்பின் பண்டிகை. நம் சபையில் அவரவர் விளைச்சலில் முதல் காயைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பதும், ஆராதனை முடிந்து அதை ஆலய வளாகத்தில் ஏலம் விடுவதும், ஊரில் எல்லாரும், நம் சபையார் இல்லாதவர்களும்கூட, வந்து ஏலம் கேட்பதும் உனக்குத் தெரியாததல்ல. முதல் வருடம் அப்பா இரண்டு முட்டைக்கோஸ் கொண்டுபோனார். போதகர் அதைத் தூக்கிக் காட்டி நாலு வார்த்தை புகழ்ந்தார். அதோடு வந்தது கேடு. இனி முதல் காய் கர்த்தருக்கு, அது சபையிலேயே பெரிய காயாக இருக்க வேண்டும் என்று தீர்மானம் செய்துவிட்டார். மறுவருடம் ஆனியில் மஞ்சள் பூசணி போட்டார். கொடியில் பிடித்த பிஞ்சுகளில் ஒன்றை விட்டு மற்றதையெல்லாம் கிள்ளச் சொன்னார், சத்து ஒரே காய்க்குப் போகட்டும் என்று. அந்த ஒன்று கைப்பிடி அளவு வந்ததும் ஓர் ஆணியால் அதன் தோலில் 'கர்த்தருக்கு' என்று கீறினார். காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் பெருத்தது. கீறின இடம் வெளுத்து, தழும்பாகத் தடித்து, கண்ணை மூடிக்கொண்டு தடவினால்கூடப் படிக்கலாம் போல ஆயிற்று. ஊரே வந்து பார்த்தது. போதகரும் வந்து பார்த்தார். "தோட்டம் போட்டவன் யாருன்னு உள்ளங்கையைப் பாத்தா தெரியணுங்க ஐயா" என்று உன் அப்பா அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பின்னால் கிணற்று ராட்டினம் கிறீச் கிறீச்சென்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான் காபி டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த வருடம்தான் மழை ஏமாற்றியது. தேர்தலுக்கு முந்தின வருடம், உனக்கு நினைவிருக்கும். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, பாரூர் ஏரியிலேயே தண்ணீர் இல்லை என்று அந்தப் பக்கத்து உறவுக்காரர்கள் சொன்னார்கள். நம் கிணறு எம்மாத்திரம்? தண்ணீர் இறங்க இறங்கக் கயிறு எட்டவில்லை. புதுக்கயிறு கேட்டால், "சந்தைக்குப் போறப்ப பாக்கலாம்" என்பார் அப்பா. அவர் சந்தைக்குப் போகவும் இல்லை, பார்க்கவும் இல்லை. கடைசியில் எஸ்தர் பக்கத்துத் தெரு முனிரத்னம்மாவிடம் பழைய மாட்டுக்கயிறு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, நம் கயிற்றோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள். முனிரத்னம்மாவைத் தெரியுமே, சந்தையில் காய் விற்கிற தெலுங்குக்காரம்மா. அந்த முடிச்சு ஒவ்வொரு தடவையும் ராட்டினத்தில் வந்து இடிக்கும். ஒரு கையால் மொத்த வாளியின் பாரத்தையும் பிடித்துக்கொண்டு, மறு கையால் முடிச்சைத் தூக்கி அந்தப் பக்கம் தள்ள வேண்டும். தள்ளும்போது பிடித்திருக்கிற கை வழுக்கி, கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போகும். மற்றப் பாத்திகளையெல்லாம் அப்பா கைவிட்டுவிட்டார். பூசணிக்கு மட்டும் காலையில் பத்து வாளி, சாயங்காலம் பத்து வாளி. "ஒரு வாளிகூடக் குறையக் கூடாது, இது நம்ம காய் இல்ல" என்பார்.

இப்போது சொல்லப் போவதை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. எஸ்தருக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் பீரியட் கணக்கு. பத்து வாளி சேந்தி ஊற்றிவிட்டு, உடை மாற்றிக்கொண்டு அவள் ஓடுவதற்குள் மணி அடித்து வெகுநேரம் ஆகியிருக்கும். நாலு மாதம் இப்படியே நடந்தது. ஒரு சனிக்கிழமை கணக்கு டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். "எஸ்தர் தினமும் லேட்டா வருது. நல்லாப் படிக்கிற புள்ள. ஏன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்குது. வீட்டுல ஏதாச்சும் கஷ்டமா?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கஷ்டமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டீச்சர். காலையில எழுந்திரிக்கிறதில்ல. சோம்பேறி" என்றேன். தண்ணீர் சேந்தத்தான் லேட் என்று சொன்னால், நாலு பேர் மெச்சுகிற தோட்டக்காரரின் பெயர் கெட்டுவிடும் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் எஸ்தர் பின்கட்டு வாசலில் வாளியோடு நிற்கிறாள். பாவாடை முழங்கால்வரை ஈரம். டீச்சர் அந்த ஈரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார். எஸ்தர் திரும்பிப் போய் மிச்ச வாளியையும் ஊற்றினாள்.

பண்டிகை ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. காலை வெயில் ஏறியிருந்தது. கிணற்றடியில் வாளி தடதடவென்று உள்ளே இறங்குகிற சத்தம் கேட்டு ஓடினேன். எஸ்தர் கிணற்றுச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து ரத்தம் கசிகிறது. முன்னறையிலிருந்து நீ, "அம்மா, என்ன சத்தம்?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே, "ஒண்ணும் இல்லண்ணா, வாளி விழுந்துருச்சு" என்றாள். நீ மறுபடி படிக்கப் போய்விட்டாய். எனக்குக் கோபம் வந்தது. உன்மேல் மட்டும் இல்லை, என்மேலும்தான். அவளைத் தூக்கி உள்ளே படுக்கவைத்து, கைக்குத் தேங்காயெண்ணெய் தடவி, ஒரு டம்ளர் ராகிக் கஞ்சி கொடுத்தேன். பிறகு விறகு வெட்டுகிற கொடுவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். எழுத்துக்கு நேராக ஒரே போடு. கர்த்தர் என்னை மன்னிப்பார் என்று அப்போதே தெரியும். உன் அப்பா மன்னிப்பாரா என்பதுதான் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் விளக்கு வைத்ததும் எல்லாருக்கும் தட்டுப் போட்டேன். பூசணியைத் தோலோடுதானே சமைப்போம்? உன் தட்டில் விழுந்த துண்டில் 'க' முழுசாக இருந்தது. நீ அதைப் பார்க்காமலே விழுங்கிவிட்டு, "உப்பு கம்மிம்மா" என்றாய். இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டாய். அப்பா தன் துண்டைப் புரட்டிப் பார்த்தார்.

"இது எந்தக் காயி?"

"தோட்டத்துல இருந்தது ஒண்ணுதானுங்களே."

"கர்த்தருக்குன்னு எழுதி வெச்சிருந்தேனே."

"படிச்சுட்டுத்தான் வெட்டினேன்" என்றேன்.

அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எஸ்தர் மட்டும் கட்டுப்போட்ட கையால் மெதுவாகச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு அடுப்பங்கரைக்குப் போய், நான் குப்பைக்கு ஒதுக்கி வைத்திருந்த விதையையெல்லாம் கழுவி ஒரு தாளில் பரப்பினாள். என்னத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை அப்பா எங்கோ போய்விட்டு ஒரு சாக்கோடு வந்தார். கயிறு வாங்கச் சந்தைக்குப் போக நேரம் இல்லாத மனுஷருக்குப் பூசணி வாங்கப் போக நேரம் கிடைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு அதே ஆணியால் 'கர்த்தருக்கு' என்று எழுதினார். தம்பி, செடியிலேயே வளர்ந்த எழுத்துக்கும், பறித்த காயில் கீறின எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனா தோட்டம் போடுவான்? பிஞ்சில் கீறினால் தழும்பு ஆகும். முற்றின காயில் கீறினால் பால் கசிந்து நிற்கும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை போதகர் அதைத் தூக்கிக் காட்டி, இந்தப் பஞ்சத்திலும் இந்தச் சகோதரர் தன் கையாலேயே தண்ணீர் இறைத்து விளைவித்தது என்று உருகினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சபையார் அதைத் தாழ்மை என்று நினைத்தார்கள். நானும் சும்மா நின்றேன். ஏலத்துக்கு எடுத்து வைத்தபோது கூட்டத்தில் முனிரத்னம்மா இருந்தாள். பூசணிக்குப் பக்கத்தில் போய், எழுத்தின்மேல் விரலை ஓட்டி, விரலை முகர்ந்து பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். "ஏமக்கா, நேத்து நான் இத்த வித்தப்போ எழுத்து இல்லியே. ஒரே நாள்ல மொளச்சிடுச்சா?" என்று காதோடு கேட்டாள். எனக்குப் பின்னால் நின்ற உன் அப்பாவுக்கும் கேட்டது. நான் தரையைப் பார்த்ததும் அவள் கூட்டத்துக்குள் போய் ஏலம் கேட்டு, தான் விற்ற பூசணியைத் தானே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அந்தப் புண்ணியவதி இன்றுவரைக்கும் அதை வெளியில் சொல்லவில்லை. அப்பாவும் அதற்குப் பிறகு தோட்டத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பலகைகளை நான்தான் பிடுங்கி அடுப்பெரித்தேன். இப்போது கோழி வளர்க்கலாமா என்று யோசிக்கிறாராம்.

இதெல்லாம் சிரித்துவிட்டு விடக்கூடிய கதைதான், எஸ்தர் பரீட்சையில் தேறியிருந்தால். மற்ற எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க், கணக்கில் மட்டும் போய்விட்டது. நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி, மடக்கிப் பைபிளுக்குள் வைத்திருந்தாள். "இன்னொரு தடவை எழுதறேம்மா" என்று கேட்டாள். அதற்குள் கிருஷ்ணகிரியில் நல்ல இடம் வந்துவிட்டது, பேசி முடித்தோம். மாப்பிள்ளை நல்லவர், அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன். அது பொய்யுமில்லை. ஆனால் ஆஸ்பத்திரிப் பக்கம் போகும்போதெல்லாம் வெள்ளை உடுப்புப் போட்ட பெண்களைப் பார்த்தால் நான் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறேன்.

உன் கல்யாணப் புடவை எடுக்க அவள் செவ்வாய்க்கிழமை வந்திருந்தாள். முந்தின நாள் வந்த உன் கடிதத்தை அவளுக்கும் படித்துக் காட்டினேன். முள்ளங்கி, ஆடு, பலகை என்று பழசையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். லீலா சேந்திப் பழகினவள் என்ற வரி வந்ததும் சிரிப்பு நின்றது. "நானும் அப்படித்தாம்மா பழகினேன்" என்றாள், அவ்வளவுதான். நான் அப்போதுதான் துணிந்தேன். "அன்னைக்கு டீச்சர்கிட்ட நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். அவள் புடவையை மடித்துக்கொண்டே, "அதையெல்லாம் மறந்துட்டேம்மா" என்றாள். மறக்கவில்லை, தம்பி. மறந்திருந்தால் எந்த டீச்சர் என்று கேட்டிருப்பாள்.

லீலாவின் வீட்டை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். அவள் அப்பா ராகிக் கொல்லையில் பரண் கட்டி யானைக்குக் காவல் இருக்கிறவர். அந்தப் பெண் வயலுக்கும் கிணற்றுக்கும் நடந்த நடை கொஞ்சமல்ல. உண்மைதான், பழகினவள்தான். வேறு வழி இல்லாமல் பழகியதை வைத்துக்கொண்டு, இவளுக்கு இது வலிக்காது என்று முடிவு கட்ட நீ யார்? நான் தோட்டம் போடாதே என்று சொல்லவில்லை. போடு. முள்ளங்கியை ஒரே நாளில் விதைக்காதே, வாரத்துக்கு ஒரு பாத்தி போடு. வேலிப்படலைச் சாத்து. பலகை மட்டும் நடாதே, நட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: தண்ணீர் யார் ஊற்றுகிறார்களோ தோட்டம் அவர்களுடையது. வருகிறவர்களிடம் அதை உன் வாயாலேயே சொல்ல வேண்டும், பக்கத்தில் நிற்கிறவள் பெயரைச் சொல்லி. உன் அப்பா அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் நானும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேரையும் பார்த்து நீ வளர்ந்திருக்கிறாய், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நீ கேட்ட விதை என்னிடம் இல்லை. எஸ்தர் அதைத் துணியில் முடிந்து கிருஷ்ணகிரிக்கு எடுத்துப் போய்விட்டாள். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், துவைத்த தண்ணீர் ஓடுகிற இடத்தில், வருடத்துக்கு ஒரு கொடி போடுகிறாள். அதற்கென்று ஒரு வாளிகூடச் சேந்துவதில்லையாம். விதை வேண்டுமானால் நீயே அவளிடம் போய்க் கேள், என் வழியாகக் கேட்காதே. கேட்பதற்கு முன்னால் அவளிடம் நீ சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இவ்வளவு படித்த பிறகும் அது என்னவென்று தெரியவில்லை என்றால், உனக்கு விதையே வேண்டாம்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சாக்குமூட்டை வரும். கண்டக்டரிடம் வாங்கிக்கொள். அதில் நம் பழைய கிணற்றுக் கயிறு இருக்கிறது. நல்ல நீளம், உன் கிணற்றுக்கு எட்டும். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தினமும் கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் பத்து வாளி, வந்த பிறகு பத்து வாளி, வெறும் மண்ணுக்கு ஊற்று, பரவாயில்லை. கயிற்றின் நடுவில் ஒரு முடிச்சு இருக்கும். ஒவ்வொரு தடவையும் ராட்டினத்தில் வந்து இடிக்கும், கையை அறுக்கும். அது உன் தங்கை போட்டது. அவிழ்க்காதே.

இப்படிக்கு,
அம்மா